இரண்டாம் பதிப்பு

1961-ஆம் வருஷத்து மார்கழியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகாமல், மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகைகளும் ரசீதுப் புஸ்தகங்களும் அச்சிடுவதையே பிரதான வேலையாகக் கொண்டிருந்த ஒரு சிறிய அச்சுக்கூடத்தின் வாசலில், பதினான்கு சிறுகதைகள் அடங்கிய கைப்பிரதியைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று தீர்மானிக்க இயலாமல் அரைமணி நேரம் நின்றிருந்தேன். உள்ளே டிரெடில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து தெருவரைக்கும் வந்தன. கடைசியில் அச்சுக்கூடத்துச் சொந்தக்காரரே வெளியே வந்து, "யாருக்குக் கல்யாணம், சார்?" என்று கேட்டார். கல்யாணம் இல்லை, கதைப் புஸ்தகம் என்றேன். உள்ளே வரச் சொல்லி, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

சொந்தப் பணத்தைச் செலவழித்து அச்சிடுவது என்ற முடிவுக்கு நான் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகை என் கதை ஒன்றை ஏற்றுக்கொண்டு பிரசுரித்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் அந்த இதழை வாங்கி அங்கேயே நின்று படித்தபோது, நான் பிரித்து வைத்திருந்த தம்பதிகள் கடைசிப் பாராவில் ஒன்றுசேர்ந்திருந்தார்கள். பத்திரிகைக்கு அதன் வாசகர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு; பக்கக் கணக்கு என்ற நிர்ப்பந்தமும் உண்டு; அவற்றை நான் மறுக்கவில்லை, அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதும் இல்லை. ஆயினும் என் பெயருக்குக் கீழே நான் எழுதாத வாக்கியங்கள் அச்சாகியிருந்ததைப் பார்த்த அன்று, என் கதையில் பிழை இருந்தால் அது முழுவதும் என் பிழையாகவே இருக்கட்டும், திருத்தம் வேண்டியிருந்தால் அதையும் நானே செய்துகொள்கிறேன் என்ற பிடிவாதம் மனத்தில் ஏற்பட்டது.

தன் நூலைத் தானே அச்சிட்டு வெளியிடுவது நானாகக் கண்ட வழியன்று. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்காக, கனவான்களிடம் முன்னதாகவே கையொப்பம் வாங்கிப் பொருள் சேர்த்ததையும், கும்பகோணத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுவேலையைக் கவனித்ததையும் தமிழ் படித்தவர் யாவரும் அறிவர். பாரதியார் 1920-இல் கடயத்தில் இருந்தபடியே, தம் நூல்களை 40 புஸ்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கடன் கேட்டார். மறு வருஷம் செப்டம்பரில் அவர் காலமாகிவிட, அந்தத் திட்டம் காகிதத்திலேயே நின்றுபோயிற்று. என் காலத்தில், அன்றைய மதுரை ஜில்லாவின் வத்தலக்குண்டைச் சேர்ந்த சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற ஏட்டைத் தொடங்கி, புஸ்தகங்களையும் தாமே பிரசுரித்து, அவற்றை மூட்டையாகக் கட்டித் தம் தோளிலேயே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்றார். இவர்களோடு என்னை ஒப்பிடும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. ஆனால் இத்தகையவர்கள் செய்யக் கூசாத ஒரு காரியத்தைச் செய்ய ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியன் ஏன் கூச வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

கைப்பிரதியைத் தயாரித்த விதத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். கழித்துப் போட்ட பழைய அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் முதல் எழுத்து. அது முடிந்ததும் கதையை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு ஆறு மாதம் திறவாமல் இருப்பது. பிறகு எடுத்து, அங்கங்கே அடித்துத் திருத்துவதோடு நில்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புதுத் தாளில் கையால் மறுபடி முழுவதையும் எழுதுவது: இதுவே என் முறை. அடித்துத் திருத்துகிறவன் கண்ணுக்குத் தென்பட்ட குற்றத்தை மட்டும் திருத்துகிறான். முழுவதையும் திரும்ப எழுதுகிறவனுக்கோ, கண் ஒப்புக்கொண்டுவிட்ட வாக்கியத்தையும் எழுத மனமில்லாமல் கை நின்றுவிடுகிற சந்தர்ப்பங்கள் வரும். அப்படி என் கை நின்ற இடங்களிலெல்லாம் ஏதோ ஒரு பொய் இருந்தது. 'இனம் புரியாத' என்ற சொல் பதினான்கு கதைகளில் ஒன்பது இடங்களில் வந்திருந்தது. இனம் புரியாத சோகம், இனம் புரியாத பயம், இனம் புரியாத மகிழ்ச்சி. அந்தச் சோகத்தின் இனத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதற்காகத்தானே கதை எழுத உட்கார்ந்தோம் என்று தோன்றிய இரவில் ஒன்பதையும் அடித்தேன். அவற்றுள் மூன்று இடங்களில் வேறு சொல் அகப்பட்டது; மற்ற ஆறு இடங்களில் சொல்வதற்கு அடியில் ஒன்றுமே இருக்கவில்லை என்று தெரிந்து, வாக்கியத்தையே எடுத்துவிட்டேன்.

சம்பாஷணைகளைத் திருத்தியது என் மனைவி. அவள் திருமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். என் கதையில் ஒரு விவசாயி தன் தம்பியைப் பார்த்து, "உன் வார்த்தை என் உள்ளத்தைத் துளைத்துவிட்டது" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, "என்னங்க, எங்க ஊர்ல கோவம் வந்தா இவ்வளவு பேசமாட்டாங்க. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதினேன். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் எனக்குத் திருப்தியாக இருப்பது அந்த ஒரு வரிதான்.

மௌனி தம் கதைகளைத் திருத்தித் திருத்தி எழுதுவார் என்றும், புதுமைப்பித்தனோ ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவார் என்றும் இலக்கிய நண்பர்கள் கூடும்போதெல்லாம் பேச்சு நடக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று தர்க்கமும் நடக்கும். அந்தத் தர்க்கத்தால் என் போன்றவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒரே மூச்சில் எழுதி நிற்கக்கூடிய கதை எனக்கு வந்ததில்லை; ஆகவே திரும்ப எழுதினேன்.

அச்சுக்கூடத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. கிரௌன் 1/8 அளவில் 160 பக்கம், பதினாறு பக்கப் பாரங்கள் பத்து, 1000 பிரதிகள் என்று திட்டம் முடிவாயிற்று. சொந்தக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ரெண்டு பாரத்துக்குத்தான் சார் எழுத்து இருக்கு. அச்சு ஓட்டிப் பிரிச்சுப் போட்டாத்தான் மூணாவது பாரம் கோக்க முடியும்." அதன் முழு அர்த்தம் பிறகுதான் விளங்கிற்று. பாரம் அச்சேறி முடிந்ததும் அந்த ஈய எழுத்துக்கள் பிரிக்கப்பட்டுத் தத்தம் அறைகளுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பதினாறு பக்கங்களில் இருக்கும் குற்றத்தை யாராலும் திருத்த முடியாது. 'னை', 'லை' போன்ற எழுத்துக்கள் தீர்ந்துபோய், ஒரு பக்கம் பாதியில் நிற்க, முந்திய பாரம் எப்பொழுது பிரியும் என்று அச்சுக் கோப்பவர் காத்திருப்பார். பக்கம் கட்டிய பிறகு ஒரு சொல்லைச் சேர்த்தால் வரி தள்ளும், வரி தள்ளினால் பக்கம் தள்ளும். எனவே எடுக்கிற சொல்லின் நீளத்துக்குச் சரியாக வேறு சொல் கொடுக்க வேண்டும். அந்த நெருக்கடியில், விரிவான சொல்லைவிடச் சின்னச் சொல்லே பல இடங்களில் பொருத்தமாக இருந்ததைக் கண்டேன்.

எவ்வளவு கவனமாகப் புரூஃப் பார்த்தும் ஒரு பிழை தப்பிவிட்டது. மகனை இழந்த தாயைப் பற்றிய கதையில் 'அவள் அழவில்லை' என்று இருக்க வேண்டியது 'அவள் அழகில்லை' என்று அச்சாகிவிட்டது. கதையே அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. பைண்டிங் முடிந்து வீடு வந்த 1000 பிரதிகளிலும், நானும் மனைவியும் எட்டு இரவுகள் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து, 'கி'யைப் பேனாவால் அடித்து மேலே 'வி' எழுதினோம்.

மொத்தச் செலவு 860 ரூபாய். எனக்கு அப்போது மாதச் சம்பளம் 120. பிராவிடெண்டு பண்டிலிருந்து 400 ரூபாய் கடன் எடுத்தேன். விலை 2 ரூபாய் என்றும், முன்பணம் கட்டுவோருக்கு ஒன்றரை ரூபாய் என்றும் கார்டுகள் எழுதினேன். பழைய மாணவர்கள், சக ஆசிரியர்கள், எங்கோ ஒரு கதையைப் படித்துவிட்டு எப்போதோ கடிதம் எழுதியவர்கள் என்று தேடித் தேடி அறுநூறு கார்டுகள் எழுதியதில் 210 பேர் பணம் அனுப்பினார்கள். குறைந்ததற்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

விற்பனை என்று வந்தபோது முதலில் புதுமண்டபத்துக்குப் போனேன். அங்கே தூண்களுக்கு இடையில் இருந்த புஸ்தகக் கடைகளில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் அடுக்கியிருந்தன. என் புஸ்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிய கடைக்காரர்கள், கேட்டு வருகிறவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் மூன்றில் ஒரு பங்கு கமிஷனில் ஐம்பது பிரதிகள் எடுத்துச் சென்றார். அவற்றுக்குக் கணக்கோ பணமோ வரவில்லை. மதிப்புரைக்கு இரண்டிரண்டு பிரதிகளாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் மூன்று இடங்களில் நாலைந்து வரிகள் வந்தன. பின்னால் நூல் நிலையங்களுக்கு 240 பிரதிகள் எடுத்துக்கொண்டார்கள்; அது பெரிய உதவி. ஆனால் வீட்டில் பரணிலும் கட்டிலடியிலும் அடுக்கியிருந்த மிச்சத்தைப் பார்க்கும்போது, நாமே தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்பது தெளிவாயிற்று.

சனி ஞாயிறுகளில் இரண்டு துணிப்பைகளில் இருபத்தைந்து இருபத்தைந்து பிரதிகளாக எடுத்துக்கொண்டு, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பஸ் ஏறுவேன். பள்ளிக்கூட ஆசிரியர்கள், வாசகசாலைகள், கடைத் திண்ணைகள், எங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் அங்கே போவேன். முதல் மாதம் என்னைப் பற்றியும் என் கதைகளைப் பற்றியும் நிறையப் பேசினேன், ஒன்றும் விற்கவில்லை. பிறகு பேசுவதை விட்டுவிட்டு, "ஒரு பக்கம் வாசிக்கிறேன், கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி, வாசித்துவிட்டு நிறுத்தத் தொடங்கினேன். அப்போது இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, புஸ்தகம் விற்றது. மற்றொன்று, நான் எதிர்பாராதது: ஒரே கதையை ஊர் ஊராக வாசிக்கும்போது, எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் கேட்பவர்களின் கண் என்னை விட்டு அகன்று தெருப்பக்கம் போயிற்று. சூரியாஸ்தமனத்தை வர்ணிக்கும் பாரா அது. மூன்று தடவை திருத்தி எழுதி நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பாரா. என் சொந்தப் பிரதியில் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தேன். மூன்று வருஷத்தில் அந்தப் பிரதியின் ஓரங்கள் பென்சில் கோடுகளால் நிறைந்துவிட்டன.

1963-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த மறு வாரம், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து என்னிடம் முன்பு படித்த பையன் ஒருவன், "எங்க தாத்தா உங்களைப் பாக்கணும்னு சொல்றாரு, சார்" என்று அழைத்துப் போனான். தாத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. பேரன் என் புஸ்தகத்தை வாங்கிப் போய் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தான். அதில் 'வடம்' என்று ஒரு கதை. கைக்குழந்தையைப் பறிகொடுத்தபின் புருஷனோடு பேச்சற்றுப் பிறந்தகம் போய்விட்ட ஒருத்தி, பல மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் திரும்பி வருகிறாள். அவன் காளைகளைப் பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருக்கிறான். காளைகளைத் திருப்பிக்கொண்டு கிணற்றை நோக்கி மேடேறும்போது, அங்கே அவள் நிற்பதைக் காண்கிறான். அவள் முகத்தையும் கண்ணீரையும் வர்ணித்து மூன்று பாராக்கள் எழுதியிருந்தேன். பட்டணத்து நண்பர்கள் மிகவும் மெச்சிய கதை அது.

பெரியவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே குந்தியபடி கேட்டார்: "வாத்தியாரய்யா, கதையெல்லாம் சரிதான். மாட்டை எதுக்குத் திருப்புறான்? வடத்தோட திருப்புனா முறுக்கிக்கிராதா? கமலை மாடு பின்னாலயேல்ல நடந்து மேடேறும்?"

நான் பேசவில்லை. கமலையை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

"அது போக, ஒத்தை ஆளா எறைக்கிறான்ங்கிறீக. அப்பத் தண்ணி கட்டுறது யாரு? பாத்திக்குப் பாத்தி மடை விலக்கணுமா இல்லையா?"

"பெரியவரே, நான் கிட்ட இருந்து பார்த்ததில்லை" என்றேன். "அதுக்கென்ன, வாங்க காட்டுறேன்" என்று எழுந்தார்.

அன்று காலை முழுவதும் அவருடைய கிணற்றடியில் நின்றேன். காளைகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி சரிவில் இறங்குகின்றன. ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தம் பாரத்தையும் அதற்குக் கொடுக்கிறார். உருளை கிறீச்சிட, நீர் நிரம்பிய சால் மேலே வருகிறது. வால்கயிறு இழுபட, தோல்வாய் வழியே தண்ணீர் தொட்டியில் கொட்டுகிறது. உடனே அவர் இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்க, காளைகள் பின்னடியிட்டே மேடேறுகின்றன. இறங்கும்போதும் சரி, ஏறும்போதும் சரி, மாடுகளின் முகம் பள்ளத்தைப் பார்த்தபடியே இருந்தது. அவருடைய முகமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருந்தது. வாய்க்காலில் பேரன் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறந்தான். அவன் என்னோடு பேச வந்துவிட்ட சமயத்தில், பெரியவர் மாடுகளை நிறுத்திவிட்டு, தாமே வாய்க்காலுக்கு நடந்து போய் மடை மாற்றிவிட்டு வந்து மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. நான் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்த கதையில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது என் நெஞ்சில் இருந்தது வெட்கம்தான். ஆனால் அந்தக் கதையைப் புதிதாக எழுத உட்கார்ந்ததும், பெரியவர் சொன்ன இரண்டு குற்றங்களுமே கதைக்கு வழியாக அமைந்தன. மாடு திரும்பாது, ஆகவே அவன் அவளைக் காண முடியாது. தண்ணீர் கட்ட ஆள் இல்லை. ஆகவே ஒவ்வொரு பாத்திக்கும் அவன் மாட்டை நிறுத்திவிட்டு நடக்கிறான். அவள் வீட்டில் இருந்த நாளில் அது அவள் வேலை. ஒரு தடவை, பாத்தி நிறைந்திருக்கும் என்று கணக்கிட்டு மாட்டை நிறுத்தப் போகிறவன், தன் முதுகுக்குப் பின்னால், ஈர மண்ணில் மண்வெட்டி விழும் சத்தத்தைக் கேட்கிறான். மடை மாறுகிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டை நிறுத்தவும் இல்லை. அடுத்த சாலுக்கு வடத்தில் ஏறி உட்காருகிறான். அவ்வளவோடு கதையை முடித்தேன். முகம், கண்ணீர், மூன்று பாராக்கள் எல்லாம் போயின. பதினொரு பக்கம் எட்டுப் பக்கமாயிற்று. அதற்கு நான்கு மாதம் பிடித்தது.

1965-இல் முதல் பதிப்பு தீர்ந்தது. கணக்கெழுதிப் பார்த்தபோது, என் கையாலேயே கொடுத்து விற்றவை 440 பிரதிகள். பழைய எழுத்துக்கள் பிரிந்து எங்கெங்கோ போய்விட்டபடியால் இரண்டாம் பதிப்புக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்தே கோக்க வேண்டும். எனவே எத்தனை திருத்தம் செய்தாலும் செலவு ஒன்றுதான். பென்சில் கோடுகளைப் பார்த்துப் பார்த்துப் பதினான்கு கதைகளையும் மறுபடி கையால் எழுதினேன். இரண்டு கதைகளை விலக்கினேன். 'அழவில்லை' இந்தத் தடவை அழவில்லையாகவே அச்சாயிற்று. 1966-இல் புஸ்தகம் வெளிவந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அதே வேப்பமரத்தடியில் பேரன் கதையை வாசித்தான். பெரியவர் கடைசிவரைக்கும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "மடை விலக்குனது அவதானா?" என்று பேரனிடம் கேட்டார். அவன் ஆமாம் என்றான். சற்று நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "மாட்டுக்கு என்னய்யா பேரு வெச்சீக? பேரு சொல்லாம எப்படி அதட்டுவான்?" என்றார்.

அந்தக் காளைகளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. என் பிரதியின் ஓரத்தில் அங்கேயே பென்சிலால் குறித்துக்கொண்டேன். மூன்றாம் பதிப்பு வருமானால் அதில் அவற்றுக்குப் பெயர் இருக்கும். இரண்டாம் பதிப்பில் இன்னும் நூற்றுப் பதினேழு பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் அன்பர்கள், நாங்கள் செய்யும் தொழிலில் இது இப்படி நடப்பதில்லை, எங்கள் ஊரில் இப்படிப் பேசுவதில்லை என்று தோன்றும் இடம் எதுவாயினும், பக்க எண்ணைக் குறித்து எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.